அமேசோனாஸ் நாடக அரங்கு

அமேசோனாஸ் நாடக அரங்கு (போர்த்துக்கேய மொழியில்: தியாத்ரு அமசோனாஸ்) என்பது பிரேசில் நாட்டின் அமேசோனாஸ் மாநிலத் தலைநகரான மனௌஸ் நகரில் அமைந்துள்ள ஓர் ஓப்பரா அரங்கு ஆகும். அட்லாண்டிக் கடற்கரையிலிருந்து ஆற்று வழியே ஏறத்தாழ 1,500 கிலோமீட்டர் உள்ளே, அமேசான் மழைக்காட்டின் நடுவில் இது கட்டப்பட்டுள்ளது. 1896 டிசம்பர் 31 அன்று இது திறந்து வைக்கப்பட்டது. இதில் 701 பேர் அமரலாம்.

காட்டு ரப்பர் வணிகத்தால் மனௌஸ் பெருஞ்செல்வம் ஈட்டிய காலத்தில் இவ்வரங்கு எழுப்பப்பட்டது. இலங்கையிலும் மலாயாவிலும் உருவான ரப்பர்த் தோட்டங்கள் அவ்வணிகத்தைச் சில ஆண்டுகளிலேயே வீழ்த்தின. அத்தோட்டங்களில் உழைத்தவர்களில் பெரும் எண்ணிக்கையினர் தமிழர்கள். இக்காரணத்தால் இவ்வரங்கின் வரலாறு தமிழர் புலம்பெயர்வு வரலாற்றோடும் தொடர்புடையதாகிறது.

ஓப்பராவும் ஓப்பரா அரங்கும்

ஓப்பரா என்பது கதைமாந்தர் தம் உரையாடலை முழுவதுமாகவோ பெரும்பகுதியாகவோ பாடலாகவே நிகழ்த்தும் ஐரோப்பிய இசைநாடக வடிவம் ஆகும். இது 1600 ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் தோன்றியது. பாடகர்கள் ஒலிபெருக்கியின் துணையின்றிப் பாடுவர். பல்லியக் குழு மேடைக்கு முன்னுள்ள தாழ்வான பகுதியில் அமர்ந்து வாசிக்கும். ஆகவே ஓர் ஓப்பரா அரங்கின் வடிவம், அதில் பயன்படுத்தப்படும் மரம், துணி, சாந்து ஆகிய யாவும் குரல் கடைசி இருக்கை வரை சென்று சேர்வதைக் கருத்திற்கொண்டு தெரிவு செய்யப்படுகின்றன.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஓப்பரா அரங்கு ஒரு நகரின் தகுதியைக் காட்டும் அடையாளமாகவும் விளங்கியது. பாரிஸ், வியன்னா, மிலான் போன்ற நகரங்களுக்கு நிகராகத் தம் நகரையும் எண்ண வேண்டும் என விரும்பிய பல அரசுகள் ஓப்பரா அரங்குகளைக் கட்டின. பிரேசிலின் வட பகுதியில் அமேசான் கழிமுகத்தை அடுத்துள்ள பெலெம் நகரில் அமைதி நாடக அரங்கு 1878 இல் திறக்கப்பட்டது. மனௌஸ் அரங்கு அதற்கு 18 ஆண்டுகள் பின்னர் வந்தது.

அமைவிடம்

மனௌஸ் நகரம் நிலநடுக்கோட்டிற்குத் தெற்கே ஏறத்தாழ 3 பாகையில், ரியோ நீக்ரோ ஆற்றின் இடக்கரையில் உள்ளது. 1669 இல் போர்த்துக்கேயர் இங்கு அமைத்த கோட்டையிலிருந்து இந்நகரம் வளர்ந்தது. நகருக்குச் சற்றுக் கீழே, கருநிற நீருடைய ரியோ நீக்ரோவும் வெளிர் மண்ணிற நீருடைய சோலிமோயிஸ் ஆறும் சந்திக்கின்றன. வெப்பநிலை, வேகம், அடர்த்தி ஆகியவற்றில் இரு ஆறுகளும் வேறுபடுவதால், அவற்றின் நீர் உடனே கலந்துவிடாமல் ஏறத்தாழ 6 கிலோமீட்டர் தொலைவு வரை அருகருகே ஓடுகிறது. இது "நீர்களின் சந்திப்பு" எனப்படுகிறது. அரங்கினுள்ளும் வெளியிலும் இக்காட்சி கலைப்பொருளாகத் திரும்பத் திரும்ப இடம்பெறுவதைக் காணலாம்.

அரங்கு சற்று உயரமான மேடை போன்ற நிலப்பகுதியில், புனித செபஸ்தியான் சதுக்கத்தை நோக்கி நிற்கிறது. சதுக்கத்தின் தரை கறுப்பு, வெள்ளைக் கற்களால் அலை வடிவில் பாவப்பட்டுள்ளது. நடுவில் 1900 ஆம் ஆண்டைச் சேர்ந்த துறைமுகத் திறப்பு நினைவுச் சின்னம் உள்ளது. அதன் நான்கு பக்கங்களிலும் ஐரோப்பா, ஆசியா, ஆப்பிரிக்கா, அமெரிக்கா ஆகிய கண்டங்களைக் குறிக்கும் கப்பல் முகப்புகள் அமைந்துள்ளன.

வரலாறு

ரப்பர் வணிகத்தின் எழுச்சி

அமேசான் பகுதிப் பழங்குடியினர் ரப்பர் மரத்தின் பாலை நெடுங்காலமாகப் பயன்படுத்தி வந்தனர். ஆயினும் இயற்கை ரப்பர் வெயிலில் இளகியும் குளிரில் விறைத்தும் போவதால் தொழில்துறையில் அதன் பயன் குறைவாகவே இருந்தது. 1839 இல் அமெரிக்கரான சார்லஸ் குட்இயர், ரப்பரைக் கந்தகத்துடன் சேர்த்துச் சூடாக்கினால் அது உறுதியும் நெகிழ்வும் பெறுவதைக் கண்டறிந்தார். 1888 இல் ஜான் பாய்ட் டன்லப் காற்றடைத்த சக்கர உறையை உருவாக்கினார். மிதிவண்டியும் பின்னர் தானுந்தும் பரவியபோது ரப்பரின் தேவை பன்மடங்கு பெருகியது.

அன்று தரமான ரப்பர் பெரும்பாலும் அமேசான் படுகையிலிருந்தே கிடைத்தது. காட்டின் உட்பகுதிகளில் சேகரிக்கப்பட்ட ரப்பர் ஆற்று வழியாக மனௌசுக்கு வந்து சேர்ந்தது. அங்கிருந்து நீராவிக் கப்பல்களில் ஐரோப்பாவுக்கும் வட அமெரிக்காவுக்கும் சென்றது. 1889 இல் பிரேசில் குடியரசானது. 1891 ஆம் ஆண்டு அரசியலமைப்பு ஏற்றுமதி வரியை மாநிலங்களுக்கு உரியதாக்கியது. இதனால் கப்பலேறும் ரப்பர் மீதான வரி நேரடியாக அமேசோனாஸ் மாநிலக் கருவூலத்தைச் சேர்ந்தது. அரங்கைக் கட்டி முடிக்கும் வசதி மாநில அரசுக்கு இவ்வாறே கிடைத்தது.

கட்டுமானம்

மனௌசில் ஒரு நாடக அரங்கு கட்ட வேண்டும் என்ற முன்மொழிவை 1881 இல் அந்தோனியோ ஜோசே பெர்னாண்டஸ் ஜூனியர் என்னும் உறுப்பினர் மாகாண சட்டமன்றத்தில் கொண்டு வந்தார். லிஸ்பன் நகரைச் சேர்ந்த போர்த்துக்கேயப் பொறியியல், கட்டிடக்கலை அலுவலகத்தின் வடிவமைப்பு ஏற்றுக்கொள்ளப்பட்டது. 1884 இல் அடிக்கல் நாட்டப்பட்டது. எனினும் தொடக்க ஆண்டுகளில் பணிகள் தடைப்பட்டன.

1892 முதல் 1896 வரை ஆளுநராக இருந்த எடுவார்டோ ரிபெய்ரோ பணிகளை விரைவுபடுத்தினார். மாரன்யாவ் மாநிலத்தில் பிறந்த இவர் ஒரு கறுப்பினத்தவர், படைத்துறைப் பொறியாளர். பிரேசிலில் அடிமை முறை 1888 இல்தான் ஒழிக்கப்பட்டது என்பதை எண்ணும்போது, அதன்பின் நான்கே ஆண்டுகளில் ஒரு கறுப்பினத்தவர் மாநில ஆளுநர் பொறுப்பை ஏற்றது குறிப்பிடத்தக்கது. ஓடைகளை மண்ணிட்டு நிரப்பி அகன்ற சாலைகளை அமைத்தல், மின்விளக்கு வசதி ஏற்படுத்தல் எனப் பல மாற்றங்கள் இவர் காலத்தில் நிகழ்ந்தன. அரங்கின் அருகே செல்லும் முதன்மைச் சாலை இன்று இவர் பெயரால் வழங்குகிறது.

திறப்பு

அரங்கு திறக்கப்பட்டபோது ரிபெய்ரோவின் பதவிக்காலம் முடிந்திருந்தது. அவரையடுத்து வந்த ஆளுநர் பிலெத்தோ பிரேஸ் பெரேய்ராவின் காலத்தில், உள் அலங்கார வேலைகள் முற்றுப்பெறாத நிலையிலேயே, 1896 டிசம்பர் 31 அன்று திறப்பு விழா நடைபெற்றது. 1897 சனவரி 7 அன்று இத்தாலிய இசையமைப்பாளர் அமில்காரே பொங்கியெல்லியின் "லா ஜியோகொண்டா" முதல் ஓப்பராவாக மேடையேறியது. தொடக்க ஆண்டுகளில் பாடவந்த குழுக்கள் பெரும்பாலும் ஐரோப்பாவிலிருந்து கடல் கடந்து, பின் ஆற்று வழியாக வந்தவை.

கட்டிட அமைப்பு

கட்டுமானப் பொருட்கள்

மனௌசைச் சுற்றிலும் மரம் மிகுதி. ஆயினும் எஃகு, பளிங்கு, கண்ணாடி ஆகியன அங்கு உற்பத்தியாகவில்லை. எனவே அரங்கின் பெரும்பாலான பாகங்கள் ஐரோப்பாவில் செய்யப்பட்டுக் கப்பலில் கொண்டுவரப்பட்டன. முதன்மையானவை வருமாறு:

- சுவர்களுக்கான எஃகுக் கட்டமைப்பு: ஸ்காட்லாந்தின் கிளாஸ்கோ நகர்
- படிக்கட்டுகள், தூண்கள், சிலைகளுக்கான பளிங்கு: இத்தாலியின் கராரா
- குவிமாட ஓடுகள்: அல்சாஸ் (அன்று செருமானியப் பேரரசின் பகுதி)
- பதினைந்தாம் லூயி பாணி அறைகலன்கள்: பாரிஸ்
- சரவிளக்குகள்: மொத்தம் 198, இவற்றுள் 32 வெனிசை அடுத்த முரானோ தீவின் கண்ணாடியால் ஆனவை

பாகங்களை ஓரிடத்தில் செய்து, எண்ணிட்டுப் பிரித்து அனுப்பி, மற்றோரிடத்தில் பொருத்தும் முறை அக்காலத்தில் பரவலாகியிருந்தது. ரப்பரை ஏற்றிச்செல்ல வந்த கப்பல்கள் இவ்வகைச் சரக்கை மனௌசுக்குக் கொண்டுவந்தன. நகரின் ஆற்றங்கரையில் உள்ள இரும்பாலான அடோல்போ லிஸ்போவா சந்தைக் கட்டிடமும் இம்முறைக்கு ஓர் எடுத்துக்காட்டாகும்.

குவிமாடம்

நகரில் தொலைவிலிருந்தே அரங்கை அடையாளம் காட்டுவது அதன் குவிமாடம். ஏறத்தாழ 36,000 வண்ண ஓடுகள் இதன்மேல் பதிக்கப்பட்டுள்ளன. பச்சை, மஞ்சள், நீலம் என்னும் பிரேசில் தேசியக் கொடியின் வண்ணங்கள் இதில் மேலோங்கியுள்ளன. அக்கொடி 1889 இல் குடியரசு நிறுவப்பட்டபோது ஏற்கப்பட்டதாகும். குவிமாடம் தொடக்க வடிவமைப்பில் இடம்பெறவில்லை, பின்னர் சேர்க்கப்பட்டது. கீழே உள்ள கட்டிடம் அடக்கமான மறுமலர்ச்சிப் பாணியிலும் மேலே உள்ள குவிமாடம் பளிச்சிடும் வண்ணங்களிலும் இருப்பதற்கு இதுவே காரணம்.

அரங்க மண்டபம்

பார்வையாளர் மண்டபம் குதிரை இலாட வடிவம் கொண்டது. தரைத்தள இருக்கைகளைச் சூழ்ந்து மூன்று அடுக்குகளில் தனி மாடங்கள் உள்ளன. இத்தாலிய அரங்குகளில் வழக்கமான இவ்வடிவத்திற்கு இரண்டு பயன்கள் உண்டு. முதலாவது, எவரும் மேடையிலிருந்து மிகத் தொலைவில் அமர வேண்டியதில்லை. இரண்டாவது, எதிரெதிர் மாடங்களில் இருப்போர் ஒருவரையொருவர் நன்கு காணலாம். ஓப்பராவுக்குச் செல்வது பிறர் கண்ணில் படுவதற்கான வாய்ப்பாகவும் இருந்த காலத்தில் இரண்டாவது பயனும் முதலாவதற்குக் குறைந்ததன்று.

மண்டபத் தூண்களில் முகமூடி வடிவங்களும் அவற்றோடு புகழ்பெற்ற இசையமைப்பாளர்கள், நாடக ஆசிரியர்கள் ஆகியோரின் பெயர்களும் உள்ளன. அவர்களுள் பிரேசிலின் கார்லோஸ் கோமஸ் என்பவரும் ஒருவர். மிலான் நகரின் லா ஸ்காலா அரங்கில் 1870 இல் தம் "இல் குவாரனி" ஓப்பராவை மேடையேற்றிப் புகழ்பெற்ற கோமஸ், இவ்வரங்கு திறக்கப்படுவதற்குச் சில மாதங்கள் முன்னர், 1896 செப்டம்பரில், பெலெம் நகரில் காலமானார்.

விதானத்தில் இசை, நடனம், சோகநாடகம் ஆகியவற்றைக் குறிக்கும் ஓவியங்களும் கோமசைப் போற்றும் ஓவியமும் உள்ளன. இவை பாரிசில் தீட்டப்பட்டுக் கொண்டுவரப்பட்டவை. நான்கு ஓவியங்களையும் பிரிக்கும் வளைந்த பட்டைகள் நடுவில் ஒன்றுகூடுகின்றன. மண்டபத்தின் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தால், 1889 இல் திறக்கப்பட்ட ஈபெல் கோபுரத்தின் அடியில் நின்று மேல்நோக்குவது போன்ற தோற்றம் ஏற்படும்.

மேடைத் திரை

மேடையின் ஓவியத் திரை, பிரேசிலியரான கிறிஸ்பிம் தோ அமரால் என்பவர் வரைந்தது. பொருள், "நீர்களின் சந்திப்பு". இரு ஆறுகள் கூடுமிடத்தில், அமேசான் நாட்டுப்புறக் கதைகளில் வரும் இயாரா என்னும் நீர்த்தேவதை காட்டப்பட்டுள்ளாள். ஓவியம் மடிந்து சேதமடையாமல் இருக்க, இத்திரை சுருட்டப்படாமல் முழுமையாகவே மேலே உயர்த்தப்படுகிறது. மேடைக்கு மேல் அதற்குப் போதிய உயரம் விடப்பட்டுள்ளது.

பெருங்கூடம்

இடைவேளைகளில் செல்வந்தர்கள் கூடுவதற்கும் நடன விருந்துகளுக்கும் உரியதாக இருந்த மேல்தளக் கூடம் இதுவாகும். இத்தாலிய ஓவியர் தொமேனிக்கோ தே ஆஞ்செலிஸ் இதன் விதானத்தில் அமேசானில் நுண்கலைகளின் பெருமையைப் போற்றும் ஓவியத்தைத் தீட்டினார். சுவர்களில் காட்டின் மரங்கள், பறவைகள், விலங்குகள் இடம்பெறும் ஓவியங்களும் "இல் குவாரனி" கதையின் ஒரு காட்சியும் உள்ளன. தூண்கள் பளிங்கு போலத் தோன்றினாலும் அவற்றுள் சில பளிங்கு போல வண்ணம் பூசப்பட்டவையே. ஏறத்தாழ 12,000 மரத்துண்டுகளை ஆணியோ பசையோ இன்றி ஒன்றோடொன்று பொருத்தி இக்கூடத்தின் தரை அமைக்கப்பட்டுள்ளது. வெப்பமும் ஈரப்பதமும் மிகுந்த இடத்தில் மரம் விரிந்து சுருங்கும். இறுகப் பிணைக்கப்படாத துண்டுகள் அதற்கு இடம் கொடுக்கும்.

ரப்பர் கலந்த பாதை

அரங்கின் முன்னுள்ள வண்டிப்பாதையில் ரப்பர் கலந்த கற்கள் பதிக்கப்பட்டிருந்தன. தாமதமாக வருவோரின் குதிரை வண்டிச் சத்தம் உள்ளே நடக்கும் நிகழ்ச்சிக்கு இடையூறாகாமல் இருக்க இந்த ஏற்பாடு செய்யப்பட்டது. நகருக்குச் செல்வம் கொடுத்த பொருளையே இவ்வாறு தரையில் இட்டிருப்பதைப் பலர் அக்காலப் பகட்டிற்கு எடுத்துக்காட்டாகக் கூறுவர். ஆனால் ஒலித்தடுப்பு என்ற வகையில் அது பொருத்தமான பொறியியல் தீர்வே ஆகும்.

ரப்பர்த் தொழிலாளர் நிலை

அரங்கிற்கான செல்வம் எங்கிருந்து வந்தது என்பதை அறியக் காட்டு ரப்பர் சேகரிப்பு முறையை அறிதல் வேண்டும். அமேசான் காட்டில் ரப்பர் மரங்கள் தோப்பாக வளர்வதில்லை. ஒன்றுக்கொன்று வெகு தொலைவில் சிதறிக் கிடக்கும். "செரிங்கெய்ரோ" எனப்படும் தொழிலாளி, நூறு அல்லது அதற்கு மேற்பட்ட மரங்களை இணைக்கும் காட்டுப்பாதையில் விடியலுக்கு முன் நடந்து பட்டையைக் கீறுவார். பின் மீண்டும் அதே பாதையில் சென்று பாலைச் சேகரிப்பார். மாலையில் அப்பாலைப் புகையில் காட்டி, அடுக்கடுக்காக உறையச் செய்து பெரிய உருண்டையாக்குவார்.

இத்தொழிலாளர்களில் பலர் பிரேசிலின் வடகிழக்குப் பகுதியில், குறிப்பாக 1877 இல் தொடங்கிய கடும் வறட்சியால் வாழ்விழந்து புறப்பட்டவர்கள். பயணச் செலவு, கருவிகள், உணவு அனைத்தும் கடனாக வழங்கப்பட்டன. ரப்பரைக் கடன் கொடுத்த முதலாளியிடமே விற்க வேண்டும். பொருட்களையும் அவரிடமே வாங்க வேண்டும். இரண்டிற்கும் விலையை அவரே வைப்பார். "அவியமெந்தோ" எனப்பட்ட இம்முறையில் பலர் கடைசி வரை கடனிலிருந்து மீளவில்லை. மலேரியாவும் ஊட்டச்சத்துக் குறைவும் பலரைக் கொன்றன.

பழங்குடியினரின் நிலை இதனினும் கொடியதாக இருந்தது. மனௌசுக்கு மேற்கே புட்டுமாயோ ஆற்றுப் பகுதியில், ஜூலியோ சேசர் அரானா என்பவரின் பெருவிய அமேசான் நிறுவனம் பழங்குடியினரை அடிமைகளைப் போல வேலை வாங்கியது. சித்திரவதைகளும் கொலைகளும் அங்கு நடந்தன. பிரித்தானிய அரசு அனுப்பிய ரோஜர் கேஸ்மென்ட் 1910 இல் அப்பகுதிக்குச் சென்று விசாரித்தார். அவருடைய அறிக்கை 1912 இல் வெளியானது. அரானாவின் வணிகம் மனௌசிலும் நடைபெற்றது.

வீழ்ச்சியும் தமிழர் தொடர்பும்

1876 இல் ஆங்கிலேயரான ஹென்றி விக்காம், அமேசானின் கிளையாறான தப்பஜோஸ் பகுதியிலிருந்து ஏறத்தாழ 70,000 ரப்பர் விதைகளை லண்டனை அடுத்த கியூ தாவரவியல் தோட்டத்திற்குக் கொண்டு சென்றார். அவற்றுள் சிறு பகுதியே முளைத்தது. அந்நாற்றுகளில் பெரும்பாலானவை அதே ஆண்டில் இலங்கைக்கு அனுப்பப்பட்டு, கம்பகாவில் உள்ள ஹெனரத்கொட தோட்டத்தில் நடப்பட்டன. 1877 இல் 22 கன்றுகள் சிங்கப்பூருக்குச் சென்றன. 1888 முதல் சிங்கப்பூர்த் தாவரவியல் தோட்டத்தை நிர்வகித்த ஹென்றி ரிட்லி, மரத்திற்குக் கேடின்றி நாள்தோறும் மெல்லிய சீவலாகப் பட்டையை எடுத்துப் பால் இறக்கும் முறையை உருவாக்கினார். அரங்கின் அடிக்கல் நாட்டப்பட்ட 1884 இலேயே அதன் செல்வத்திற்கு முடிவு கட்டவிருந்த மரங்கள் ஆசியாவில் வேரூன்றியிருந்தன எனலாம்.

1910 இல் ரப்பர் விலை உச்சத்தைத் தொட்டது. அதன்பின் ஆசியத் தோட்டங்களின் விளைச்சல் சந்தைக்கு வரத்தொடங்கியது. 1913 அளவில் தோட்ட ரப்பர் உற்பத்தி காட்டு ரப்பரை விஞ்சியது, விலை சரிந்தது, மனௌசின் வணிக நிறுவனங்கள் நொடித்தன.

அமேசானிலேயே தோட்டம் அமைத்திருக்கலாமே என்ற வினா எழலாம். அதற்குத் தடையாக இருந்தது தென்னமெரிக்க இலைக்கருகல் நோய். இது அமேசானுக்கே உரிய ஒரு பூஞ்சையால் வருவது. மரங்கள் சிதறி நிற்கும்போது இது எளிதில் பரவாது. நெருக்கமாக நட்டால் தோப்பு முழுவதையும் அழித்துவிடும். 1928 இல் ஹென்றி போர்டு தப்பஜோஸ் கரையில் தொடங்கிய போர்டுலாண்டியா தோட்டம் தோல்வியுற்றதற்கு இந்நோயும் ஒரு முக்கிய காரணம். விதைகளோடு பூஞ்சை கடல் கடக்காததே ஆசியத் தோட்டங்களின் வெற்றிக்கு அடிப்படையாகும்.

அத்தோட்டங்களுக்கு வேண்டிய உழைப்பு பெருமளவு தமிழகத்திலிருந்து சென்றது. மலாயாவின் ஐரோப்பியர் தோட்டங்களில் "பால்மரம்" சீவியவர்களுள் தமிழர்களே மிகுதி. மலாயாவுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910 இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறை முதன்மை பெற்றது. கங்காணி தம் ஊருக்கே சென்று, முன்பணம் கொடுத்து, உறவினரையும் ஊராரையும் அழைத்து வருவார். இலங்கைத் தோட்டங்களில் தொழிலாளியின் கடன் "துண்டு" எனப்பட்ட சீட்டில் குறிக்கப்பட்டது. அக்கடனைத் தீர்க்காமல் வேறு தோட்டத்திற்குச் செல்ல இயலாது. துண்டு முறை 1921 இல் ஒழிக்கப்பட்டது.

மனௌசின் அவியமெந்தோவும் இலங்கையின் துண்டும் வெவ்வேறு சட்டங்களின் கீழ், வெவ்வேறு மக்களிடையே வழங்கியவை. எனினும் வறட்சியிலும் வறுமையிலும் ஊரைவிட்டுப் புறப்பட்டவரைக் கடனால் கட்டி வைத்தல் என்பது இரண்டிற்கும் பொதுவாகும். ஒரு பக்கத்து உழைப்பில் எழுந்த நகரின் செல்வம் மறுபக்கத்து உழைப்பின் மலிவால் வீழ்ந்தது. இரு பக்கத்துத் தொழிலாளர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்கவில்லை.

1942 இல் ஜப்பான் மலாயாவைக் கைப்பற்றியபோது நேச நாடுகளுக்கு ஆசிய ரப்பர் கிடைக்காமல் போனது. அப்போது பிரேசில் அரசு பல்லாயிரக்கணக்கான வடகிழக்குத் தொழிலாளர்களை "ரப்பர்ப் படைவீரர்" என்ற பெயரில் அமேசானுக்கு அனுப்பியது. போர் முடிந்ததும் இந்தச் சிறு எழுச்சியும் அடங்கியது.

மீட்பு

ரப்பர் வணிகம் வீழ்ந்தபின் ஓப்பராக் குழுக்களின் வருகை நின்றது. பல பத்தாண்டுகள் அரங்கு அதன் முதன்மை நோக்கத்திற்குப் பயன்படாமல் இருந்தது. 1966 இல் இது தேசிய மரபுச் சின்னமாகப் பட்டியலிடப்பட்டது. 1967 இல் மனௌசில் வரிவிலக்கு வணிக வலயம் ஏற்படுத்தப்பட்டதால் தொழிற்சாலைகள் பெருகி நகரம் மீண்டும் வளர்ந்தது. இன்று இங்கு 20 இலட்சத்திற்கும் மேற்பட்ட மக்கள் வாழ்கின்றனர். அரங்கு 1974 இல் புதுப்பிக்கப்பட்டது. 1980களின் இறுதியில் தொடங்கிய விரிவான மறுசீரமைப்பிற்குப் பின் 1990 இல் மீண்டும் திறக்கப்பட்டது.

1997 இல் அமேசோனாஸ் ஓப்பரா விழா தொடங்கப்பட்டது. அமேசோனாஸ் பில்ஹார்மோனிக் என்னும் பல்லியக் குழு இவ்வரங்கைத் தன் இருப்பிடமாகக் கொண்டுள்ளது. 2005 ஆம் ஆண்டு விழாவில் ரிச்சர்ட் வாக்னரின் நான்கு பகுதிகள் கொண்ட "நிபெலுங்கனின் மோதிரம்" மேடையேற்றப்பட்டது. பெரும் பல்லியக் குழுவும் நீண்ட ஒத்திகையும் வேண்டும் இப்படைப்பை இங்கு நிகழ்த்தியது, அரங்கு காட்சிப்பொருளாக மட்டுமன்றி இயங்கும் அரங்காகவும் மீண்டுவிட்டதைக் காட்டியது.

திரைப்படத்திலும் இசையிலும்

செருமானிய இயக்குநர் வெர்னர் ஹெர்சோக்கின் "பிட்ஸ்கரால்டோ" (1982) திரைப்படத்தின் தொடக்கக் காட்சிகள் இவ்வரங்கில் நிகழ்கின்றன. புகழ்பெற்ற பாடகர் என்ரிக்கோ கரூசோவின் பாட்டைக் கேட்கக் கதைத்தலைவன் நெடுந்தூரம் படகில் வருவதாகப் படம் தொடங்குகிறது. இதனால் கரூசோ இங்குப் பாடினார் என்ற கருத்து பரவியுள்ளது. உண்மையில் அவர் இவ்வரங்கில் பாடியதே இல்லை.

மெக்சிக்கோ இசையமைப்பாளர் தானியேல் கத்தானின் "அமேசானில் புளோரென்சியா" (1996) என்னும் ஓப்பரா, மனௌஸ் அரங்கில் பாடுவதற்காக ஆற்றுக் கப்பலில் பயணம் செய்யும் ஒரு பாடகியைப் பற்றியது.

சென்று பார்ப்போருக்கு

மனௌசுக்குப் பெரும்பாலோர் வானூர்தியில் வருகின்றனர். பெலெமிலிருந்து ஆற்றுக் கப்பலிலும் வரலாம். நீரோட்டத்திற்கு எதிராக வரும் இப்பயணத்திற்குச் சில நாட்கள் ஆகும். பயணிகள் தளத்தில் தூளி கட்டி உறங்குவர். ஓப்பராக் குழுக்களும் பளிங்குக் கற்களும் வந்த வழி இதுவே என்பதால், காலமுள்ளவர்களுக்கு இது பயனுள்ள பட்டறிவாகும்.

பகல் வேளையில் வழிகாட்டியுடன் அரங்கைச் சுற்றிப் பார்க்கலாம். போர்த்துக்கேய மொழியிலும் ஆங்கிலத்திலும் விளக்கம் அளிக்கப்படுகிறது. பெருங்கூடத்தின் மரத்தரை தேயாமல் இருக்க, காலணிகளின் மேல் அணியும் மென்மையான உறை தரப்படும். ஒத்திகை நடக்கும் நேரங்களில் சில பகுதிகள் மூடப்படலாம்.

ஓப்பரா விழா வழக்கமாக ஏப்ரல், மே மாதங்களில் நடைபெறும். இக்காலம் மழைக்காலத்தின் பிற்பகுதி ஆகும். நிகழ்ச்சி பார்க்க விரும்புவோர் இருக்கையைத் தெரிவு செய்யும்போது மண்டபத்தின் இலாட வடிவத்தை நினைவிற்கொள்ள வேண்டும். மேடைக்கு நேரெதிரே உள்ள மாடங்களிலிருந்து மேடை முழுமையாகத் தெரியும். மேடையை ஒட்டிய பக்க மாடங்களிலிருந்து மேடையின் ஒரு பகுதி மறையும். ஆயினும் பல்லியக் குழுவையும் மண்டபத்தையும் நன்கு காணலாம்.

அரங்கோடு சேர்த்துக் காணத்தக்க இடங்கள் சில உண்டு. சதுக்கத்தில் உள்ள புனித செபஸ்தியான் தேவாலயம், ஆற்றங்கரைச் சந்தை, ஆற்றின் மட்டத்திற்கேற்ப உயர்ந்து தாழும் மிதவைத் துறைமுகம் ஆகியன அவற்றுள் சில. ரியோ நீக்ரோவின் நீர்மட்டம் இங்கு ஓராண்டில் சராசரியாக 10 மீட்டர் அளவிற்கு மாறுபடுவதால் மிதவைத் துறைமுகம் தேவைப்பட்டது. படகில் சென்று இரு ஆறுகளின் சந்திப்பைக் கண்டபின் அரங்கின் திரையைப் பார்த்தால் ஓவியத்தின் பொருள் தெளிவாக விளங்கும்.

இவற்றையும் பார்க்க

- ஓப்பரா
- ரப்பர் மரம்
- அமேசான் மழைக்காடு
- மலேசியத் தமிழர்
- மலையகத் தமிழர்
- கங்காணி முறை